றோஸ் கேட்ட கேள்வி

வாள்வெட்டுக் கும்பல்களை ஒழிக்க இனி மாநகர சபையும் சுற்றியுள்ள பிரதேச சபைகளும் ஒன்றாக வேலை செய்யும், சனமும் பயமில்லாமல் பொலிசோடு கதைக்க வேண்டும் என்று கூட்ட மேடையில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். உரும்பிராயிலிருந்து வந்த கேதீஸ்வரி மூன்றாம் வரிசையில் இருந்தாள். கிராம சேவகர் வற்புறுத்தியிராவிட்டால் வந்திருக்க மாட்டாள். எட்டு மாதங்களுக்கு முன் அவளுடைய கணவன் நடராசாவைக் கடை வாசலில் வைத்து வெட்டினார்கள். ஆள் மாறி வெட்டிவிட்டார்கள் என்று பிறகு ஊரில் கதைத்தார்கள். அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் இன்னும் மடங்குவதில்லை. மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் இரண்டு பேர். வெட்டியவனின் முகத்துணி நழுவியதைக் கேதீஸ்வரி கண்டாள். பொலிஸ் கேட்டபோது, "நான் ஒருத்தரையும் காணேல்லை" என்றாள். அவர்கள் திரும்பி வந்தால் யார் வந்து நிற்பது?

வேறு சபைப் பகுதியைச் சேர்ந்த ஒருவரோடு சோடி சேர்ந்து கதைக்கச் சொன்னார்கள். குருநகர்ப் பெண்ணொருத்தி கதிரையை இழுத்துக்கொண்டு வந்தாள். பெயர் றோஸ். ஐம்பது வயது இருக்கும்.

"எந்த இடம் தங்கச்சி?"

"உரும்பிராய்."

றோஸ் குரலைத் தாழ்த்தினாள். "அங்கை ஒரு கடைக்காரரை வெட்டினவங்கள்..."

"அது என்ரை மனுசன்தான்."

"அந்தக் கேசிலை மறியல் சிறையிலை இருக்கிறவன் என்ரை மகன், ஜெரிசன். நான்தான் கையிலை பிடிச்சுக் கொண்டுபோய்ப் பொலிசிட்டைக் குடுத்தனான்."

கேதீஸ்வரி எழும்பிப் போக நினைத்தாள். எடுத்த கைப்பையை மறுபடி மடியில் வைத்தாள். வெட்டியவனைப் பெற்றவளைக் கண்டால் என்ன கேட்பது என்று எட்டு மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். ஆனால் தான் செய்யப் பயந்ததை இவள் தன் பிள்ளைக்கே செய்திருக்கிறாள். இவளை வெறுப்பதா, கையைப் பிடிப்பதா?

"மகன் சொல்லுறான், தான் மோட்டார் சைக்கிள் ஓடினது மட்டும்தானாம். வெட்டினது மற்றவனாம். அவன் தப்பி ஓடிட்டான். நான் எதை நம்ப? நீங்கள் கண்டிருந்தால் சொல்லுங்கோ தங்கச்சி. பொலிசுக்கு வேண்டாம். எனக்குச் சொல்லுங்கோ."

றோஸ் கைபேசியில் மகனின் படத்தை எடுத்து நீட்டினாள். கடற்கரையில் சேட்டுப் போடாமல் ஒருவன் சிரித்துக்கொண்டு நின்றான்.

கண்ணை மூடினால் தெளிவாக வந்த வெட்டியவனின் முகம், இந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்கக் கலைந்தது. மூக்கு அதுதான். இல்லை, அவன் இன்னும் மெலிவு. அன்று அவன் சிரிக்கவில்லையே. அவள் உண்மையில் கண்டது முகத்தையா, நடராசாவின் இரத்தத்தையா?

"அக்கா..." என்று தொடங்கினாள். மேடையில் நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். சுற்றிலும் கதிரைகள் இழுபட்டன. கைபேசியின் வெளிச்சம் மங்கி அணைந்தது. றோஸ் பெருவிரலால் தொட்டு அதை மறுபடி ஒளிரவைத்து, இன்னும் கிட்டக் கொண்டுவந்து பிடித்தாள்.