இன்னொரு கிண்ணம்

அந்த நடுக்கடல் மேடையில் எல்லோருக்கும் அவள் அக்கா. உண்மையில் ஒருவனுக்குத்தான் அக்கா. அந்த ஒருவன் வாய் ஓயாமல் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளைவிட மூத்தவரான சமையல்காரர் வரைக்கும் அது ஒட்டிக்கொண்டது. ‘தலைமைக் கிணற்றுப் பொறியாளர்’ என்று அவள் அறைக்கதவில் எழுதியிருந்ததை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

இந்த எரிவாயு வயலில் முதல் கிணறு தோண்டியபோது அவள் வேலைக்குப் புதியவள். அதற்குப் பிறகு கரையில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்தது. இப்போது வாயு வற்றிவிட்டது. ஒவ்வொரு கிணறாக சிமெண்ட் போட்டு அடைத்துவிட்டு, மேடையையே பெயர்த்துக் கொண்டுபோகும் வேலை நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு இதில் வருத்தமெல்லாம் கிடையாது. விருந்து சமைத்தவர்கள்தான் பாத்திரமும் கழுவ வேண்டும் என்பது அவள் கட்சி. அவள் மூடிய கிணறு ஒன்றுகூட ஒரு குமிழி விட்டதில்லை என்பதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பாக்கி இருந்தது ஒரே கிணறு. அதிலும் பாக்கி, கடல் தரைக்குச் சற்றுக் கீழே முந்தின நாள் போட்ட கடைசி அடைப்பு இறுகுவதுதான். சிமெண்டுக்குப் பொறுப்பு அவள் தம்பி. அவன் தனியாகப் பொறுப்பேற்ற முதல் மேடை இது. கெட்டிக்காரன்தான், ஆனால் உலை கொதிக்கும் முன்பே மூடியைத் திறந்து பார்க்கிற ரகம். மேடையில் அவனுக்கு வைத்த பெயர் ‘அவசரம்’. அவசரம் வருகிறான் என்றால் படிக்கட்டில் எதிரே வருகிறவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள்.

அன்று காலை அவன் ஒரு கிண்ணத்தோடு கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்தான். கிணற்றுக்குள் செலுத்துகிற கலவையில் கொஞ்சம் வெளியே பிடித்து வைப்பது வழக்கம். உள்ளே இருப்பதை எட்டிப் பார்க்க முடியாது. வெளியே இருப்பது இறுகினால் உள்ளே இருப்பதும் இறுகிவிட்டது என்று கொள்வார்கள். அவன் கிண்ணத்தைக் கவிழ்த்து மேஜையில் தட்டினான். கல்லாக இருந்தது.

“பாத்தியாக்கா? குழாயை இறக்கிடலாம்.”

குழாயை இறக்கி, அடைப்பின்மேல் பாரம் ஏற்றிப் பார்ப்பதுதான் கடைசிச் சோதனை. குழாய் இயக்குபவர் கையுறையை மாட்டிக்கொண்டுவிட்டார். மேடையைத் தூக்க வரவேண்டிய கிரேன் கப்பல் அன்றைக்கே பதில் கேட்டிருந்தது. இல்லையென்றால் வேறு வேலைக்குப் போய்விடும். குளிர்காலம் முழுக்க மேடை காற்றில் நிற்க வேண்டியதுதான்.

அக்கா கிண்ணத்தை எடுத்து முகர்ந்தாள். வதக்கிய வெங்காய வாசனை அடித்தது.

எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டாள். தம்பி பதில் சொல்வதற்குள், டீ கொண்டுவந்த சமையல்காரர் முந்திக்கொண்டு, ராத்திரியிலிருந்து தன் அடுப்பு ஓரத்தை அடைத்துக்கொண்டிருந்த சனியன் இதுதான் என்றார்.

அடுப்புச் சூட்டில் எந்த சிமெண்டும் சீக்கிரம் இறுகும். அடைப்பு இருக்கும் இடத்திலோ எலும்பை உறைய வைக்கும் குளிர். இறுகாத சிமெண்டுக்குள் குழாயை இறக்கினால், அது குழாயைக் கவ்விக்கொண்டு இறுகிவிடும். பிறகு குழாயும் வராது, அடைப்பும் உருப்படாது.

“இன்னொரு கிண்ணம் எங்கடா?”

ஒரே கிண்ணம் பிடிக்கிறவன் இந்தத் தொழிலில் கிடையாது. தம்பியின் முகம் செத்துப்போனதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. தப்புச் செய்தவனைத் திருத்திக்கொள்ளலாம். மறைத்தவனை இனி யார் நம்புவார்கள்? அவளால் முடியுமா? ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று சொல்லி அவள் அவனை அங்கேயே காப்பாற்றியிருக்கலாம். தலைமைப் பொறியாளரிடம் காரணம் கேட்க அங்கே ஆள் இல்லை. அவள் அதைச் சொல்லாமல், கிண்ணத்தை அவன் முன்னால் வைத்தாள்.

அவன் வெளியே போனான். திரும்பி வந்தபோது கையில் ஈரம் சொட்டும் கிண்ணம் இருந்தது. எல்லோரும் பார்க்க அதில் கட்டைவிரலை வைத்தான். விரல் உள்ளே இறங்கியது.

“இது கடல் தண்ணி வாளியில இருந்துச்சு, அடைப்பு கிடக்கிற அதே குளிர்ல. விடியும்போதே பாத்தேன், இப்படித்தான் இருந்துச்சு. கப்பல் போயிடுமேன்னு இதை ஒளிச்சு வச்சுட்டு அதைக் காட்டினேன். என் தப்புதான்.”

குழாய் இயக்குபவர் கையுறையைக் கழற்றினார்.

அந்த நேரம் பார்த்து கரையிலிருந்து மேலாளரின் போன் வந்தது. அக்கா தம்பியைப் பேசச் சொன்னாள். அவன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். இன்றைக்குக் குழாய் இறங்காது, கப்பல் போவதானால் போகட்டும் என்றான். மறுமுனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது. காலையில் இறுகிவிட்டது என்றும் இப்போது இறுகவில்லை என்றும் சொல்கிறவனை நம்பிக் கப்பலை விடுவதா? போனை அக்காவிடம் கொடு.

அவன் போனை நீட்டினான். அவள் அதை வாங்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே, அங்கே கேட்கும்படி சொன்னாள்.

“சிமெண்டுக்குப் பொறுப்பு அவன் சார். எப்ப இறுகும்னு அவனைத்தான் கேக்கணும். நானும் அவனைத்தான் கேக்கப் போறேன்.”

மறுமுனை, சுருதி இறங்கி, எப்போதுதான் இறக்கலாம் என்று கேட்டது.

தம்பி கிண்ணத்தைப் பார்த்தான், வெளியே கடலைப் பார்த்தான், நிதானமாக யோசித்தான்.

“நாளைக்கு மதியத்துக்கு மேல சார்,” என்றான். “அதுக்கு முன்னாடி யார் கேட்டாலும் இல்லைன்னுதான் சொல்லுவேன்.”