எண்பத்தெட்டாவது நிமிடக் கொடி

மச்சான் என்ற உறவைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்திருந்தால், லைன்ஸ்மேன் அன்று காலையே அவனைக் கொடிக்கம்பால் நாலு போடு போட்டிருப்பார். மனைவியின் அண்ணன் அப்படிப்பட்ட பிறவி. இவர் எல்லைக்கோட்டில் கொடி பிடிக்கும் கால்பந்து லீக்குக்குப் பணம் கொட்டும் குளிர்பானக் கம்பெனியில் விளம்பர மேனேஜர். தங்கை கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே கூசாமல் கேட்டார்.

"மாப்ளே, நீலச்சட்டைக்காரங்க ஃபைனலுக்குப் போனாத்தான் எங்க சரக்கு விக்கும். இன்னைக்குச் சந்தேகமா ஒண்ணு வந்தா, உங்க கொடி அவங்க பக்கம் சாயட்டும். அடுத்த வருஷம் வெளிநாட்டு மேட்ச் லிஸ்ட்டுல உங்க பேரு இருக்கும்."

"எழுந்து போங்க," என்றார் லைன்ஸ்மேன்.

மனைவி அண்ணன் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி, மிச்சக் காபியைத் தொட்டியில் கொட்டினாள். "இவரு அந்த மாதிரி ஆளு இல்ல. நீ கிளம்பு!"

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் கணவனுக்காக அண்ணனிடம் முறைத்துக்கொண்டது அதுவே முதல் தடவை. யார் என்ன சொன்னாலும் இவள் நம்பினால் போதும் என்று லைன்ஸ்மேன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மைதானத்துக்குப் போனார்.

ஆப்சைடு பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. பந்தை உதைக்கும் அந்த நொடியில், முன்னால் ஓடுபவன் எதிரணியின் கடைசித் தடுப்பாளனைத் தாண்டி நிற்கிறானா என்று பார்க்க வேண்டும். உதைப்பவனோ எங்கோ நாற்பது மீட்டர் பின்னால் இருப்பான். இரண்டு பேரையும் ஒரே சமயத்தில் பார்க்க முடியாது. அதனால் கண் கடைசி ஆள்மேல், காது உதைமேல். இருபது வருஷமாக அந்தக் காதுதான் அவருக்குச் சோறு போட்டது.

அன்று எல்லைக்கோட்டை ஒட்டிக் கம்பெனி ஆளுயர ஸ்பீக்கர்களை நட்டு வைத்திருந்தது. யாராவது பந்தோடு முன்னேறினால் போதும், குளிர்பானப் பாட்டு காதைப் பிளந்தது. ரசிகர்களுக்கு உற்சாகம் ஊட்டுகிறார்களாம், மண்ணாங்கட்டி! ஸ்பீக்கருக்குக் காசு இருக்கிறது, வீடியோ பார்த்துத் தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவரை வைக்கக் காசில்லை.

எண்பத்தெட்டாவது நிமிடம். ஒரு கோல் பின்தங்கியிருந்த சிவப்புச்சட்டை அணி பந்தை வலைக்குள் அடித்தது. ஆனால் அதற்கு முந்தைய உதையின் சத்தம் பாட்டில் மூழ்கி லைன்ஸ்மேனுக்கு எட்டவே இல்லை. பந்து தலைக்குமேல் பறந்தபோதுதான் உதைத்துவிட்டார்கள் என்றே தெரிந்தது. அதற்குள் முன்னால் ஓடியவன் கடைசி ஆளை இரண்டடி தாண்டியிருந்தான். கொடி மேலே போனது. கோல் செல்லவில்லை. நீலச்சட்டை ஃபைனலுக்குப் போனது.

டிவியில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். அது ஆப்சைடு இல்லை என்று கைக்குழந்தையும் சொல்லிவிடும்.

நடுவர்கள் அறைக்கே வந்து, எல்லோர் முன்னிலையிலும் மச்சான் முதுகில் தட்டினார். "காலையில என்னா பேச்சு பேசினீங்க மாப்ளே!"

"அது தப்பா நடந்துபோச்சு. உங்க ஸ்பீக்கர்ல உதைச்ச சத்தமே கேக்கல."

"அடடா, அருமையான காரணம்! இதையே சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

லைன்ஸ்மேன் அவர் சட்டையைப் பிடித்தார். மற்ற நடுவர்கள் விலக்கிவிட்டார்கள். ஒருவரும் லைன்ஸ்மேன் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் மனைவி டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க கொடியைத் தூக்கினீங்க?"

"அந்த ஸ்பீக்கர் சத்தத்துல..."

"போதும். யாரு கேட்டாலும் ஸ்பீக்கர் சத்தம்னு சொல்லணும்னு அண்ணன் அப்பவே போன் பண்ணிச் சொல்லிட்டாரு. ஊருக்குச் சொல்ற கதையை நான் கேக்கல. எனக்கு நெசத்தைச் சொல்லுங்க."

அவரிடம் இருந்ததே அந்த ஒரு நிஜம்தான். திரும்பவும் அதையே சொன்னார். அவள் எழுந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.