அர்த்தனாரிக்கு வெட்டிய குழி

ஏழுபலாப்பட்டியில் எல்லாவற்றுக்கும் அவசரம். பலா மரத்திலிருந்து விழுந்த அர்த்தனாரி பேச்சுமூச்சில்லாமல் கிடந்ததைப் பார்த்ததுமே, பாறை நிலமாயிற்றே, பிறகு மெனக்கெடுவானேன் என்று அவரைப் புதைக்கக் குழியை வெட்டி வைத்துவிட்டார்கள். விடிந்ததும் அவர் கண்ணைத் திறந்து களி கேட்டார். அவர் மனைவி சென்னம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஊர்க்கவுண்டர் சின்னுசாமிக்குத்தான் முகம் தொங்கிப்போனது. வெட்டின குழியை வெறுமனே மூடினால், அது அந்த வீட்டு ஆளையே கேட்கும் என்பது மலை வழக்கம்.

"பொழுது சாயறதுக்குள்ள உங்கூட்டு உசுரு ஒண்ணு குழிக்குள்ள போயிரோணும். அந்தச் சேவலைக் குடுத்திரு கண்ணு" என்றார் சென்னம்மாளிடம்.

புருஷன் பெண்டாட்டியை விட்டால் அந்த வீட்டில் இருந்த ஒரே உயிர் அந்தச் சேவல்தான். காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரர் பங்களாவில் பொரித்த குஞ்சு என்பதால் அதற்குப் பெயரே துரை. அர்த்தனாரி பெண்டாட்டியோடு பேசியதைவிடத் துரையோடு பேசியதுதான் அதிகம்.

"துரையைத் தொட்டீங்கன்னா நடக்கறதே வேற! குழி என் பேருக்குத்தான வெட்டுனீங்க? நானே போயிப் படுத்துக்கறேன், மூடிக்குங்க!"

சொன்னபடியே நொண்டிக்கொண்டு போய், உள்ளே இறங்கிப் படுத்தும் விட்டார். ஊரே கெஞ்சியது. அடிபட்ட முதுகுக்கு ஈரமண் இதமாக இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டார் மனுஷன்.

மரத்திலிருந்து விழுந்து பிழைத்தவரை வீம்புக்குப் பறிகொடுக்கச் சென்னம்மாளுக்கு மனசில்லை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள்.

பொழுது சாயுமுன் திரும்பி வந்தபோது கையில் களி வட்டிலும் குழம்புச் சட்டியும் இருந்தன. மிளகு வாசனை குழிக்குள் இறங்கியதும் அர்த்தனாரி எழுந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க, வெறும் வயித்தோட சாவாதீங்க. உண்டுட்டுப் படுத்துக்குங்க."

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. குழிக்குள்ளேயே சம்மணம் போட்டுச் சாப்பிட்டார். முழங்கை வரை குழம்பு வழிந்தது. எலும்புகளை உறிஞ்சி உறிஞ்சி மூலையில் போட்டார்.

"ஏனுங்க கவுண்டரே, உசுரு உள்ள போயிருச்சுங்களா?" என்று கேட்டாள் சென்னம்மாள்.

கவுண்டர் எலும்புகளையும் அர்த்தனாரியின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போயிருச்சு கண்ணு. நல்லாவே போயிருச்சு."

அர்த்தனாரிக்கு அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த கால் எலும்பைப் பார்த்தார். "துரை..." என்றார். கண்ணில் நீர் பொலபொலவென்று கொட்டியது. என்ன செய்வாரோ என்று ஊரே குழிக்குள் எட்டிப் பார்த்தது.

அழுதுகொண்டே அவர் வட்டிலை மேலே நீட்டினார்.

"கொழம்பு இன்னும் இருக்குதா புள்ள?"