வைக்கோல் கன்று

அம்பத்தூர் எஸ்டேட்டில் போர்மேனாக உயர்ந்த செங்கல்வராயன், ஆவடியில் தான் கட்டிய வீட்டுக்குப் பேலஸ் என்று பெயர் வைத்தார். படுக்கையறை ஒன்றுதான். ஷோகேஸில் பிளாஸ்டிக் திராட்சை தொங்கியது. கிரகப்பிரவேசத்துக்கு வீடியோக்காரர் உண்டு. கம்பெனி மேனேஜரும் வந்திருந்தார். தன் பரம்பரையே உத்தியோகப் பரம்பரை, மாடென்றால் தனக்கு அலர்ஜி என்று அவரிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார் செங்கல்வராயன். இப்போது அவர் கண்ணெதிரே, ராகுகாலம் பிறக்குமுன், பசுவும் கன்றும் வீட்டுக்குள் போயாக வேண்டும்.

முத்தாபுதுப்பேட்டை கெங்கம்மாள் பசுவை ஓட்டிவந்தாள். கன்றைத் தோளில் சுமந்துவந்தாள். கிட்டே வந்த பிறகுதான் அதன் வயிற்றுத் தையலில் வைக்கோல் நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.

“கன்னு இருக்குன்னு சொன்னியேம்மா?” என்றார் செங்கல்வராயன்.

“இதான் சார் கன்னு. பொறந்த வாரமே செத்துப்பூட்ச்சி. இத்தக் காட்டலைன்னா அது பாலும் குடுக்காது, ஒரு எட்டும் வைக்காது.”

செத்த தோல் வாசற்படி தாண்டக்கூடாது என்றார் ஐயர். கன்றை விளக்குக் கம்பத்தில் சாய்த்துவிட்டு ஆளாளுக்குப் பசுவை இழுத்தார்கள். அது கம்பத்தையே பார்த்து நின்றது. மேனேஜர் இங்கிலீஷில் உற்சாகப்படுத்தினார். கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்க ஐயருக்குச் சாஸ்திரம் இளகியது. எதுவானாலும் கன்றுதானே என்றார். ஆனால் ஆளாளுக்கு இழுத்ததில் பசு மிரண்டிருந்தது; கெங்கம்மாள் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருந்தாள். தோலைத் தொட வேறு யாரும் வரவில்லை.

செங்கல்வராயன் சரிகை வேட்டியை மடித்துக் கட்டினார். கன்றை இடுப்போடு அணைத்து, அதன் முகம் பசுவுக்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தார். நாக்கை அண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் கொடுத்தார். அலர்ஜிக்காரருக்கு வருகிற சத்தமில்லை அது. பசு காதை விடைத்துப் படியேறியது.

கூடத்தில் கன்றை இறக்கினார். பசு அதை நக்க நக்க, மொசைக் தரையில் பால் சொட்டியது.

“எந்த ஊட்டு மாட்ட மேச்சே நைனா?” கெங்கம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

பக்கத்திலேயே மேனேஜர். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

“ஊர்ல பாதி ஊட்டு மாட்ட,” என்றார் செங்கல்வராயன். “எங்கப்பனும் நானும்.”

அவர் மனைவி ராஜம்மா பசுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வைக்கோல்னு அதுக்குத் தெரியாதா?”

“மோந்தாலே தெரியும்மா,” என்றாள் கெங்கம்மாள். “அதுக்கு நக்கணும், நக்குது.”

கன்றை நக்கி முடித்த பசு, செங்கல்வராயனின் கையை நக்கத் தொடங்கியது. பால் காய்ச்ச ஐயர் கூப்பிட்டார். செங்கல்வராயன் கையை எடுக்கவில்லை.