அறுநூற்றுப் பன்னிரண்டு மணி ஓடிய வண்டி

பழைய டிராக்டர் வாங்கினால் அது ஓடிய மணிநேரமும் வாங்கியவர் உடம்புக்கு வந்துவிடும். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. மினி டிராக்டர் ஆண்டுக்கு முந்நூறு மணி ஓடும் என்பது பொதுக் கணக்கு. முந்நூறு மணி ஓடிய வண்டியை வாங்கினால் நமக்கு ஒரு வயது கூடும். விற்றவருக்கு ஒரு வயது குறையும்.

மீட்டர் காட்டுவது மட்டும்தான் கைமாறும். விற்பவர் மீட்டரைத் திருப்பிக் குறைத்து வைத்திருந்தால், மறைத்த மணியெல்லாம் அவர் உடம்பிலேயே தங்கிவிடும். வாங்குபவர் அதைக் கண்டுபிடித்து நிரூபித்தால் விலை குறையும், மணி கூடும். இதுவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எனக்கு நாற்பத்தொரு வயது. தென்னைக்கு நடுவே புகுந்து உழ ஒரு மினி டிராக்டர் தேவைப்பட்டது. அன்று சாயங்காலம் வாய்க்காலில் எங்கள் முறை. தண்ணீர் வருவதற்குள் உழுதாக வேண்டும். நானும் என் மனைவி சாந்தாமணியும் காலையிலேயே வெள்ளியம்பதி மாட்டுச் சந்தைக்குக் கிளம்பினோம். புதன்கிழமைகளில் அங்கே டிராக்டர் விற்பார்கள்.

பஸ்ஸில் அவள் சொன்னாள், "குறைஞ்ச மணி ஓடுன வண்டியாப் பாருங்க. போன தடவை பழைய மோட்டார் வாங்கிட்டு வந்தீங்க. முன்னாடி முடி பூராவும் போயிருச்சு."

"அது நல்ல மோட்டார்."

"நான் மோட்டாரைச் சொல்லலீங்க."

சந்தை வாசலில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாங்க வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி ஒரே கேள்வி கேட்டார்.

"போதும்னு சொல்ல ஆள் கூட்டியாந்திருக்கீங்களா?"

"இவ சொல்லுவா" என்றேன்.

"சொல்லுங்க அம்மிணி, கேப்போம்."

"போதும்" என்றாள் சாந்தாமணி.

"இன்னும் கொஞ்சம் மனசுல இருந்து."

"போதும்" என்றாள் மறுபடியும். அவர் திருப்தியாகத் தலையாட்டி எங்களை உள்ளே விட்டார். எனக்கு அப்போதே எரிச்சல் தொடங்கிவிட்டது. டிராக்டர் வாங்க வந்தவனுக்கு எதற்கு இத்தனை சடங்கு.

உள்ளே டிராக்டர்களை முளைக்குச்சி அடித்துக் கயிற்றில் கட்டியிருந்தார்கள். முன்னால் வைக்கோல் போட்டிருந்தது. ஒன்றிரண்டு தின்றுகொண்டிருந்தன. எங்களுக்குத் தரகர் சொல்லியிருந்த வண்டி வரிசையில் ஒன்பதாவது. எட்டு வண்டிகளைத் தாண்டினோம். அது அப்போதும் ஒன்பதாவதாகவே இருந்தது. இன்னும் நடந்தோம். திரும்பிப் பார்த்தால் வாசல் தெரியவில்லை.

தரகர் அங்கண்ணன் எதிரே வந்தார். தோளில் பச்சைத் துண்டு.

"ஏனுங்க நடக்குறீங்க? நின்னீங்கன்னாத்தான் வரும்."

நின்றோம். வண்டி வந்தது. சிவப்பு நிறம், புது பெயின்ட். பக்கத்தில் அதன் சொந்தக்காரர் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். எழுபது வயது. முதுகு நன்றாகக் கூனியிருந்தது. எழுந்திருக்க முயன்று பாதியில் கைவிட்டார்.

"வாங்க தம்பி. நல்ல வண்டிங்க. அறுநூத்திப் பன்னெண்டு மணிதான் ஓடியிருக்குது."

மீட்டரைப் பார்த்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு என்றுதான் இருந்தது. அப்படியே வாங்கினால் எனக்கு இரண்டு வயது கூடும். அதோடு முடிந்துவிடும்.

"ரெண்டு வருசந்தானுங்க" என்றாள் சாந்தாமணி என் காதருகே. "கேக்குறதைக் குடுத்துட்டு ஓட்டிட்டுப் போயிரலாம்."

அவள் சொன்னது நியாயம். ஆனால் என் கண் கிளட்ச் பெடலுக்குப் போய்விட்டது. என் தலையில் யாரும் மிளகாய் அரைக்க முடியாது. அது என்னுடைய குணம்.

மாட்டுச் சந்தை வழக்கப்படி விலையை வாயால் சொல்லக் கூடாது. தரகர் கைமேல் துண்டைப் போட்டுக்கொள்வார். வாங்குபவரும் விற்பவரும் துண்டுக்குள் கையை விட்டு அவர் விரலைப் பிடித்துப் பேசிக்கொள்வார்கள். எத்தனை விரல் நீட்டியிருக்கிறதோ அதுதான் விலை. நான் கையை விட்டேன். துண்டுக்குள் அங்கண்ணன் கைக்குப் பதினொரு விரல் இருந்தது. வெளியே எடுத்தால் ஐந்துதான்.

"பதினொண்ணா?" என்றேன்.

"வாயால சொல்லாதீங்க" என்றார் அங்கண்ணன்.

"கிளட்ச் பெடல் ரப்பரைப் பாருங்க. வழுவழுன்னு தேய்ஞ்சு கிடக்குது. அறுநூறு மணி ஓடுன வண்டில ரப்பர்ல இருக்கிற கோடு கூட அழியாது" என்றேன்.

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குக் கால் கொஞ்சம் கனமுங்க தம்பி."

"பிரேக் ரப்பர் புத்தம் புதுசு. ஒரு கால் மட்டுமா கனம்? காதுல பூ சுத்தாதீங்க."

அவர் என்னை மெதுவாகப் பார்த்தார். "தெரியாத மாதிரி இருந்துட்டுப் போலாமுங்க தம்பி. உங்களுக்கு நல்லது. எனக்கும் பணம் ஆகும்."

இந்த மாதிரிப் பேச்சு எனக்குப் பிடிக்காது. தப்பு செய்தவர் எனக்கு நல்லது சொல்வதா? "ஆயிரத்தெண்ணூறு மணி" என்றேன். துண்டுக்குள் இரண்டு விரல்கள் மடங்கின. மீட்டர் கடகடவென்று சுற்றி ஆயிரத்தெண்ணூறில் நின்றது.

சந்தையில் மணி உடனுக்குடன் வாங்குபவர் உடம்பில் இறங்கிவிடும். பணத்தைப் பிறகு கொடுக்கலாம். என் முழங்காலில் ஏதோ இறங்கியது. நாச்சிமுத்து எழுந்து நின்றார்.

"போதும்" என்றாள் சாந்தாமணி.

"சித்த இரு" என்றேன்.

அவள் போன் அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு வைத்தாள். "வாய்க்கால் தண்ணிதான் பேசுதுங்க. மதகு வரைக்கும் வந்துருச்சாம். இன்னும் எவ்வளவு நேரம்னு கேக்குது."

"வந்துட்டு இருக்கோம்னு சொல்லு."

"அப்படித்தான் சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்கன்னு சொல்லுது."

நான் வண்டிக்குப் பின்னால் போனேன். டிரெய்லர் மாட்டும் கொக்கியின் ஓட்டை வட்டமாக இருக்க வேண்டும். இது முட்டை வடிவத்தில் இருந்தது. விரலை விட்டு ஆட்டிக் காட்டினேன்.

"இந்த வண்டி உழுததோட நிக்கலீங்க. செங்கல் சுமந்திருக்குது. மணல் சுமந்திருக்குது. மூவாயிரத்தி அறுநூறுக்குக் குறையாது."

நாச்சிமுத்து மீசையில் கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். துண்டுக்குள் மேலும் இரண்டு விரல்கள் மடங்கின. மீட்டர் சுற்றியது. எனக்குப் பக்கத்திலிருந்த பலகையின் எழுத்து கலங்கியது. அதில் 'கன்றுகளைக் கட்டாதீர்கள்' என்று எழுதியிருந்தது. படிக்கக் கையை நீட்டித் தூரத்தில் பிடிக்கலாம் என்றால் பலகை சுவரில் இருந்தது.

"போதுமுங்க" என்றாள் சாந்தாமணி. "அங்கண்ணன், நீங்களாவது சொல்லுங்க. நான் போதும்னு சொல்றது உங்க காதுல விழுகுதா இல்லையா?"

"நல்லா விழுகுதுங்க அம்மிணி. வாங்குறவர் காதுல விழுகோணுமில்லீங்களா."

என் காதிலும் விழுந்தது. கொஞ்சம் மெதுவாக விழுந்தது. அது வயதினால் இருக்கலாம்.

அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "எனக்கு முப்பத்தெட்டுங்க. இன்னும் எத்தனை வருசம் என்னைத் தனியா உட்கார வெக்கறதுன்னு பாத்துட்டுப் பேரம் பேசுங்க."

ஊருக்குள் என்னைப் பற்றி, சென்னியப்பனுக்கு வயதாகிவிட்டது என்று சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். சென்னியப்பன் ஏமாந்துவிட்டான் என்று சொல்லிவிட்டால் வெளியே தலை காட்ட முடியாது. இதை அவளிடம் விளக்கினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் என்னால் தாங்க முடியாத காரியம் ஒன்று நடந்தது. நாச்சிமுத்து எனக்கு உதவ ஆரம்பித்தார்.

"ஏனுங்க, போல்ட்டு மேலயும் பெயின்ட் அடிச்சிருக்குது பாத்தீங்களா?" என்றார். "இஞ்சினைக் கழட்டி மாட்டியிருக்கோம். ஒரு தடவை இல்லீங்க."

"நான் பாத்துக்கறேன். நீங்க பேசாம இருங்க."

"மண்ணைக் கிளறுற ரொட்டவேட்டர் மாட்டுற தண்டு இருக்குதுங்களே, அதோட பல்லைத் தடவிப் பாருங்க. கத்தி மாதிரி ஆயிருக்கும்."

தடவிப் பார்த்தேன். கத்தி மாதிரித்தான் ஆகியிருந்தது. பார்த்த பிறகு பார்க்காத மாதிரி இருக்க முடியுமா? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. விற்பவர் தன் சரக்கைத் தானே குறை சொன்னால் வாங்குபவனுக்கு என்ன மரியாதை. "ஆறாயிரம்" என்று கத்தினேன். குரல் நடுங்கியது. மூன்று விரல்கள் மடங்கின.

மீட்டர் சுற்றி நிற்பதற்குள் என்னைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. மீட்டரைப் பார்த்துவிட்டு, இவ்வளவு குறைந்த விலைக்கு இந்தச் சந்தையில் யாரும் பேசி முடித்ததில்லை என்றார்கள். ஒருவர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பேரத்துக்காகவா வயதுக்காகவா என்று கேட்டேன். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"அண்ணா, ஸ்டியரிங்கை ஆட்டிப் பாருங்கண்ணா" என்றார் நாச்சிமுத்து. காலையில் என்னைத் தம்பி என்றவர் அவர்.

ஸ்டியரிங்கை ஆட்டினேன். கால் சுற்று சுற்றிய பிறகுதான் சக்கரம் அசைந்தது. எனக்குச் சொல்ல விருப்பமில்லை. உண்மையாகவே விருப்பமில்லை. சாந்தாமணி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இந்த முறை போதும் என்று சொல்லவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஒன்பதாயிரம்" என்றேன்.

மூன்று விரல்கள் மடங்கின. துண்டுக்குள் ஒரே ஒரு விரல் மிச்சம் இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விலைக்காக இல்லை. பிடிக்காவிட்டால் விழுந்திருப்பேன்.

நாச்சிமுத்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். நாற்பது வயது இருக்கும். கிட்டத்தட்ட என் வயது, அதாவது காலையில் எனக்கிருந்த வயது. கூன் இருந்த இடம் தெரியவில்லை. கயிற்றை ஒரே இழுப்பில் அவிழ்த்து வண்டியைத் திருப்பி நிறுத்தினான். கூட்டத்தில் இருந்த இரண்டு பெண்கள் அவனைப் பார்த்துச் சேலையைச் சரிசெய்துகொண்டார்கள்.

என் கையைப் பார்த்தேன். நரம்பு புடைத்து, தோல் சுருங்கி, தோட்டத்தில் என்னோடு நாற்பது ஆண்டு இருந்த கை போலவே இல்லை. பல்லில் நான்கைந்து இல்லை. பயமாக இருந்தது. நான் சொன்ன குறை ஒவ்வொன்றும் சரி. ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் எனக்கு ஆற்ற முடியாத எரிச்சலைக் கொடுத்தது.

அங்கண்ணன் சாந்தாமணியிடம் தணிந்த குரலில் கேட்டார், "உங்க அப்பாவுக்கு ஒரு டீ சொல்லட்டுங்களா? ரொம்பக் களைச்சுட்டார்."

"எங்க வீட்டுக்காரருங்க" என்றாள் அவள்.

டிராக்டர்கள் கூட வைக்கோலை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தன.

போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அவளுக்கு ஓட்டத் தெரியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. சாவியைத் திருப்பினாள். ஒன்பதாயிரம் மணி ஓடிய வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது. புகை கூட இல்லை. நல்ல வண்டி.

"அவரைப் புடிச்சு மட்கார்டு மேல ஏத்தி விடுங்க" என்றாள் அங்கண்ணனிடம். பிறகு என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் என்னிடம் கோபமாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். இப்போது குரலில் கோபம் இல்லை. "வாங்க. இருக்குற வருசத்தையாவது வீட்டுல வெச்சுக்கலாம். முடிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

"முடிஞ்சுதுங்களா பெரியவரே?" என்றார் அங்கண்ணன். துண்டை இன்னும் எடுக்கவில்லை. வாங்குபவர் வாயால் சொன்னால்தான் எடுப்பார்கள்.

முடிந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கையைப் பிடித்து ஏறி, வீட்டுக்குப் போய், அவள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதைத் தவிர எனக்கு உலகத்தில் வேறு ஆசை இல்லை. எனக்கு அழுகை வந்தது. அழுகையோடு சேர்ந்து, டேங்கில் டீசல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவில்லையே என்ற நினைப்பும் வந்தது.

"வீடு வரைக்கும் டீசல் போடோணும்" என்றேன். "அதுக்கு ஏதாவது பாத்துக் குறைச்சுக்குங்க."

சாந்தாமணி நீட்டிய கையை எடுத்துக்கொண்டு இஞ்சினை அணைத்தாள்.

நாச்சிமுத்து சிரித்துக்கொண்டே மறுபடியும் துண்டுக்குள் கையை விட்டான்.