காய்ப்புத் தோலில் முளைத்த கண்

கடலூர் முதுநகர் பூவராகனின் வலது கண்ணுக்கு, அவனுடைய இடது தோள் ஒருமுறையாவது சுமந்தவை மட்டுமே தெரிந்தன. மற்றதெல்லாம் பழைய இருட்டுதான். டாக்டர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. அவனுக்கு விழித்திரை தேய்கிற வியாதி. முப்பது வயதில் மாலை நேரம் மங்கியது, முப்பத்து மூன்றில் பகலும் போய்விட்டது. அதன் பிறகும் இருபத்திரண்டு வருடம் வேர்க்கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்கினான்; லாரிக்கும் கிடங்குக்கும் எத்தனை எட்டு என்பது காலுக்குத் தெரியும். தோலில் கொஞ்சம் எடுத்து, அதைக் கருவிலிருக்கும் செல்லாகத் திருப்பி, அதிலிருந்து விழித்திரைச் செல்களை வளர்த்துக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறார்கள் என்று மகள் சத்யப்பிரியாதான் கண்டுபிடித்துச் சென்னைக்கு அழைத்துப்போனாள். கையின் உள்பக்கம் எடுக்கலாம் என்றார் டாக்டர். பூவராகன் சட்டையைக் கழற்றி இடது தோளைக் காட்டினான். "இங்க எடுங்க சார். காச்சிப்போன எடம், வலிக்காது." அங்கேயே பொட்டு அளவுக்கு வெட்டினார்கள்.

நாலு மாதம் கழித்து அந்தச் செல்களைக் கண்ணில் வைத்துக் கட்டுப் பிரித்தபோது, எதிரில் மாட்டியிருந்த எழுத்துகள் அவனுக்குத் தெரியவில்லை. அறையின் மூலையில் மல்லாட்டை மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஜன்னலுக்கு வெளியே அவன் அப்பாவின் பாடை, பச்சை மூங்கிலோடு. அதற்கும் மேலே, மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடலுக்குத் தூக்கிப்போன மாரியம்மன். டாக்டர்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். வைத்த செல் படலம் லேசாகத்தான் ஒட்டியிருக்கிறது, மற்றவர்களுக்கு ஆறு வாரம், உனக்கு ஆயுசுக்கும் கனம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஊர் திரும்பியதும் தெரிந்த ஒரே உயிருள்ள ஆள், கூட மூட்டை தூக்கிய சுப்பராயலு. "இன்னா மச்சான், பொண்டாட்டி தெரியல, டாக்டரு தெரியல, நான் மட்டும் தெரியறனா?" என்றான் அவன். யோசித்துவிட்டு அவனே சொன்னான்: "நான் குடிச்சிட்டுப் பாலத்துல கெடந்தப்ப ஒருவாட்டி தோள்ல போட்டுக்கினு வந்தியே, அது வீண்போவல." கண்ணின் சட்டம் தெருவுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

வீட்டுக்குள் விஜயகுமார் இருந்தான். மூத்த பிள்ளை; ஆறு வயதில் மூளைக்காய்ச்சலில் போனவன். வெள்ளம் ரோட்டை மறித்து பி.முட்லூரில் பஸ் நின்றுவிட்ட அன்று, பூவராகன் அவனை இடது தோளில் சாய்த்துக்கொண்டு சிதம்பரம் ஆஸ்பத்திரி வரை நடந்தான். மறுநாள் அதே தோளில்தான் திரும்பவும் கொண்டுவந்தான். இப்போது பையன் அதே நீல டவுசரோடு வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தான். தைலம்மாள் சமைத்துக்கொண்டே புருஷனைக் கேட்பாள்: "இன்னா பண்றான்?" "பல்லியப் பாக்குறான்." "இப்ப?" "இப்பவும் அதான்." இருபத்து மூன்று வருடம் அழுத பொம்பளை அழுவதை நிறுத்தினாள்.

சத்யப்பிரியா மட்டும் தெரியவில்லை. அவள் பிறந்தபோதே அவனுக்கு இருட்டு. மூட்டை விழுந்தால் தைத்துக்கொள்ளலாம், பிள்ளை விழுந்தால் முடியாது என்று சொல்லி, பெண்ணை ஒருநாளும் தோளில் ஏற்றாதவன். பையன் சில சமயம் தரையிலிருந்து முழ உயரத்தில் வெறுமையில் உட்கார்ந்திருப்பான். அங்கே மகளின் மடி இருக்கிறது என்று பூவராகன் தெரிந்துகொள்வான். "பாப்பா, ஒருவாட்டி தூக்கிக்கிறேன்" என்பான். "கம்முனு இருப்பா. கண்ணு போயிடும். அண்ணனையாவது பாத்துக்கினு இரு" என்பாள். தைலம்மாள் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அடுப்பைக் கிளறுவாள்.

மஸ்கட்டில் லேப் வேலை கிடைத்து, சத்யப்பிரியா வெள்ளிக்கிழமை ஃபிளைட் ஏற வேண்டும். வியாழன் காலை சொட்டு மருந்து விட அவள் குனிந்தபோது, பூவராகன் அவள் முழங்காலைச் சேர்த்துக் கட்டிப்பிடித்து, இடது தோளில் சாய்த்து ஒரே தம்மில் எழுந்தான். மல்லாட்டை மூட்டையைவிடக் கொஞ்சம் கூடுதல் கனம். "எறக்குப்பா, எறக்குப்பா" என்று அவள் முதுகில் குத்தக் குத்த, கூடத்திலிருந்து குழாயடி வரை போய்த் திரும்பினான். தைலம்மாள் வாசற்படியில் நின்றாள். அவன் வந்ததும் ஒதுங்கி வழி விட்டாள்.

இறக்கியதும் தெரிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தான். "மோவாயில என்னா தழும்பு?"

"மூணு வயசுல அம்மியில வுழுந்தேன்."

"நான் எங்க இருந்தேன்?"

"பக்கத்துலதான் ஒக்காந்திருந்த."

பகல் பதினொரு மணிக்கு மேல், கடை ஷட்டர் இறங்குவதுபோல் கண்ணுக்குள் மேலிருந்து கறுப்பு இறங்கியது. முதலில் அவள் நெற்றி போயிற்று. "கொஞ்சம் குனிம்மா" என்றான். குனிந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். குள்ளமான விஜயகுமார் அதுவரை முழுசாகத் தெரிந்தான். அவன் தலையும் மறைந்தபோது சத்யப்பிரியா சிமெண்ட் தரையில் படுத்து, அப்பா கைகாட்டிய இடத்தில் பையன் காலருகே கன்னத்தை வைத்துக்கொண்டாள். அப்படியே இன்னும் கால் மணி நேரம் தெரிந்தாள். சென்னையில் படலம் மடிந்துவிட்டது என்றார்கள். அவள் மஸ்கட்டுக்கு இரண்டு வாரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள்.

தைலம்மாள் மூன்று மாதம் புருஷனோடு பேசவில்லை. சோற்றை வைத்துத் தட்டைக் கைக்கு நகர்த்துவாள், அவ்வளவுதான். நாலாவது மாதம் ஒருநாள் அவன் முதுகு தேய்த்துவிடும்போது, இடது தோள் இரண்டு விரல் தாழ்ந்திருப்பதைப் பார்த்தாள். கையை அங்கேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டு பேரும் இருக்குதுங்களா?"

"ம்."

"அவனுக்கு எடம் பத்துதா? இவ நெருக்குறாளா?"

"பத்துது."

அவள் அந்தத் தோளில் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். அன்றிலிருந்து பூவராகன் துண்டை வலது தோளில்தான் போட்டுக்கொள்கிறான்.