மூலை வெட்டிய புத்தகம்

விக்கிரமங்கலம் ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே குழந்தைவேலின் முகம் கடுகடுவென்றிருந்தது. வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“பழைய பாஸ்போர்ட்டு எங்கடி?”

அவன் மனைவி ஜெயசித்ரா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். “எது, மூல வெட்டுனதா? போகியன்னிக்குப் பழைய பாயோட போட்டுக் கொளுத்திட்டேங்க.”



குவைத்தில் அவனுக்குக் குழாய் வெல்டிங் வேலை. பத்து வருடத்தில் ஆறு தடவை போய் வந்தாயிற்று. அப்படியும் லீவு முடிந்து திரும்பும்போதெல்லாம் சென்னையில் ஓர் ஆபீஸ் வாசலில் கிடந்து, ‘இவன் போகலாம்’ என்று அனுமதி வாங்கியாக வேண்டும். பத்தாவது தேறாதவனுக்கு அதுதான் சட்டம். போன தடவை முப்பது நாள் லீவில் பதினொரு நாளை அந்த வரிசையே தின்றுவிட்டது. பக்கத்துத் தெரு பிரசாத் பத்தாவது தேறியவன். விமானத்தையே அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கிட்டத்தில் பார்க்கிறான், விசிலடித்துக்கொண்டு போய்விட்டான். ஆறு தடவை போனவன் ஓரமாக நிற்க வேண்டுமாம்! எந்த மகராசன் உட்கார்ந்து யோசித்த சட்டமோ?

தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. மூன்று வருடம் வெளிநாட்டில் இருந்ததைக் காட்டினால், ‘இனி அனுமதி தேவையில்லை’ என்று பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக் கொடுப்பார்கள். அப்புறம் யாரையும் கெஞ்சாமல் நேரே விமானம் ஏறலாம். அதற்காகத்தான் பொங்கல் முடிந்த கையோடு இன்று திருச்சி பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போனான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் புதுப் பாஸ்போர்ட்டைப் புரட்டினார்.

“இதுல ஏர்போர்ட்டு சீல் ஒண்ணுதான் இருக்கு. மிச்சமெல்லாம் பழைய புத்தகத்துல இருக்கும். எடுத்துட்டு வாங்க.”

அந்தப் புத்தகத்தைத்தான் இவள் கொளுத்தியிருக்கிறாள்.

கொல்லைக்கு ஓடி, குப்பைமேட்டைக் குச்சியால் கிளறினான். விரல் நீளத்துக்குக் கருகிய அட்டை ஒன்று வந்தது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவே கேட்கும்படி கத்தினான்.

“அறிவிருக்காடி ஒனக்கு? பத்து வருச ஒழைப்புடி இது!”

“வந்தன்னிக்கு நீங்கதான அத விட்டெறிஞ்சீங்க? புதுசக் குடுத்துட்டு இத மூல வெட்டிட்டானுவ, இனிமே செல்லாதுன்னு சொன்னது யாரு? செல்லாதத வச்சு நான் என்ன பூசையா பண்ணுறது?”

பொய்யில்லை. அதனால்தான் அவனுக்கு இன்னும் எரிந்தது.

“மூணு வருசம் நான் ஊருல இல்லன்னு இப்ப எவன்டி வந்து சாட்சி சொல்லுவான்?”

ஜெயசித்ரா தவிட்டுக் கையை உதறிவிட்டு எழுந்தாள். அதுவரை அவனிடம் குரலை உயர்த்தியறியாதவள்.

“நான் சொல்றேன், கூட்டிக்கிட்டுப் போங்க. கல்யாணமாயி ஏழு வருசம். நீங்க இந்த வூட்டுல இருந்தது தொண்ணூத்தெட்டு நாளு. சென்னையில போயி நின்னதக் கழிச்சுட்டுத்தான் சொல்றேன். நம்ம புள்ள இலக்கியா பொறந்தப்ப நீங்க இல்ல. எங்கப்பா செத்தப்பவும் இல்ல. இருந்த நாளு எதெதுன்னு தேதியோட சொல்றேன், மிச்சத்த அந்த ஆபீசரு கணக்குப் பண்ணிக்கட்டும்!”

குழந்தைவேல் கையிலிருந்த அட்டையைக் கீழே போட்டான்.

லீவில் இன்னும் பதினாறு நாள் இருந்தது. மறுநாள் காலையில், அந்த அனுமதி வரிசையில் நிற்கச் சென்னை பஸ் ஏறினான். எப்போது வருவீர்கள் என்று அவள் கேட்கவில்லை.